லக்ஸர்: மேற்குக் கரையின் மேல் ஒரு காலைப் பிரயாணம்

எகிப்து தேசத்தின் தென்பகுதியில், நைல் நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் லக்ஸர் நகரத்துக்கு வருகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர், கர்னாக் ஆலயத்தையும் அரசர் பள்ளத்தாக்கின் சமாதிகளையும் கால் சலிக்கச் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின காலையில் ஒரு பொழுதுபோக்காகப் பலூனில் ஏறிவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். இந்த அத்தியாயத்தைப் படிக்கும் அன்பர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். லக்ஸரில் கண் விழிக்கும் முதல் காலையையே பலூனுக்கு ஒதுக்குங்கள். அதன் பிறகு நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வோர் ஆலயமும் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கிரேக்கர்கள் தீப்ஸ் என்று அழைத்த இந்தப் புராதன ராஜதானியின் மேற்குக் கரை, தரையில் நின்று பார்க்கிறவருக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. இங்கே ஒரு சீட்டு, அங்கே ஒரு வாசல், நடுவே மோட்டாரில் பத்து நிமிஷம், மறுபடியும் ஒரு வாசல் என்று பகல் முழுவதும் அலைந்துவிட்டு, மாலையில் விடுதிக்குத் திரும்பி நினைத்துப் பார்த்தால், எந்தக் கோயிலுக்கு எது வடக்கே இருந்தது, எந்தக் குன்றுக்குப் பின்னால் எந்தச் சமாதி இருந்தது என்பதெல்லாம் மனத்தில் குழம்பிவிடும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும்போதோ, அந்தப் பூமி முழுவதும் கரை போட்ட புடவையை விரித்தாற்போல நான்கு பட்டைகளாகப் பிரிந்து கிடப்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது: கிழக்கே நதி, அதை ஒட்டி வயல்களின் பசுமை, பசுமை சட்டென்று முடிந்துவிடும் இடத்தில் மணல், மணலுக்கு அப்பால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை மலை. அரசர்களின் ஈமக் கோயில்கள் வடக்கே சேத்தி மன்னன் கோயிலிலிருந்து தெற்கே மெதினெத் ஹாபு வரையில், வயலும் மணலும் சந்திக்கும் அந்த ஓரத்திலேயே வரிசையாக அமைந்திருக்கின்றன. ஆண்டுதோறும் நதி பெருகி வண்டல் படிய வைத்த நிலத்தின் ஓர் அங்குலத்தைக்கூட வீணாக்க விரும்பாத ஜனங்கள், சூரியன் உதிக்கும் கிழக்குக் கரையை உயிரோடிருப்பவர்களுக்கும், அவன் மறையும் மேற்குக் கரையின் வறண்ட பாகத்தை இறந்தவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்பதைப் புஸ்தகங்களில் எத்தனை முறை படித்திருந்தாலும், கண்ணால் காண்பது பலூனிலிருந்துதான்.

பலூனைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டு ஏறுவது பயத்தைக் குறைக்கும். காற்று சூடானால் விரிந்து லேசாகிறது என்ற ஒரு தத்துவத்தைத் தவிர இதில் வேறு ரகசியம் இல்லை. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1,200 கிராம் எடை இருக்கும். அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 950 கிராம் அளவுக்கு வந்துவிடும். வித்தியாசமான 250 கிராம்தான் ஒவ்வொரு கன மீட்டரும் தூக்கக்கூடிய சுமை. ஆகவே ஒரு டன் எடையைக் கிளப்புவதற்கு 4,000 கன மீட்டர் வெந்த காற்று வேண்டியிருக்கிறது என்றால், லக்ஸரில் இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு எழும்பும் பலூன்கள் ஏன் ஒரு மாளிகை அளவுக்குப் பெருத்திருக்கின்றன என்பது விளங்கும். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் சக்தி அதிகம். சூரியன் ஏற ஏறப் பாலைவனத்து மணல் காய்ந்து, காற்று தாறுமாறாகக் கிளம்ப ஆரம்பித்துவிடும். விடியற்காலையிலேயே பலூன்கள் புறப்படுவதற்கு இவ்விரண்டும் காரணங்கள். சூரியோதயத்தின் அழகு அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

பாரிஸ் நகரத்தில் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் முதன்முதலாக மனிதர்கள் ஆகாயத்தில் மிதந்தது 1783-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பதினைந்தே ஆண்டுகளில், நெப்போலியனின் சேனையோடு வந்த கோந்தே என்ற நிபுணர் கெய்ரோவில் எஸ்பெக்கியா மைதானத்திலிருந்து ஆளில்லாத ஒரு பலூனைப் பறக்கவிட்டார். அது சொற்ப தூரம் போய் விழுந்துவிட்டதை, நகர ஜனங்களோடு நின்று கவனித்த சரித்திராசிரியர் அல்-ஜபர்த்தி எழுதி வைத்திருக்கிறார்.

இனி, ஏற்பாடுகள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையில் உள்ள மாதங்களே உகந்தவை. கோடையில் பகல் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜமாதலால், காலைப் பிரயாணம் சுகமாக இருந்தாலும் மீதி நாள் கழிவது கஷ்டம். கிழக்குக் கரையில் தங்குகிறவர்களை அதிகாலை நான்கு, நாலரை மணிக்கே விடுதியில் வந்து அழைத்துப்போய், படகில் நதியைக் கடத்தி, அக்கரையில் வேனில் ஏற்றி மைதானத்தில் சேர்ப்பார்கள். படகில் தேநீரும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பது வழக்கம். இருட்டில் நைல் நதியைக் கடப்பதும் ஓர் அனுபவந்தான். ஆனாலும் குழந்தைகளோடும் வயோதிகர்களோடும் வருகிறவர்கள் முந்தின இரவு மேற்குக் கரையிலேயே தங்கிவிட்டால், ஒரு மணி நேரத் தூக்கமாவது மிச்சமாகும். ஒரு காலையில் இரண்டு சுற்றுகள் பறப்பதும் உண்டு. சீட்டு எடுக்கும்போதே முதல் சுற்றா, இரண்டாவது சுற்றா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்றே வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சூரியோதயத்தைக் காட்டிலும் முக்கியமான ஒரு காரணம் இருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனிகள் பல இருக்கின்றன. கட்டணம் பருவத்தையும் கூட்டத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். இருப்பதில் மலிவானதைத் தேடுவதற்கு உகந்த இடம் இதுவல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி காலையில், இதே மேற்குக் கரையில், ஒரு பலூன் தரையிறங்கும் தருணத்தில் எரிவாயு தீப்பற்றி, அந்தச் சூட்டினாலேயே பலூன் மறுபடியும் மேலே எழும்பி, வானத்தில் எரிந்து விழுந்தது. அதில் இருந்த 21 பேரில் 19 பேர் மாண்டார்கள். அதன் பிறகு பறப்பதையே சிறிது காலம் நிறுத்தி, விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மறுபடியும் ஒரு விபத்து நேர்ந்து ஓர் உயிர் போயிற்று. இவற்றைப் படித்துவிட்டு ஏறாமலே இருந்துவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டு ஏற வேண்டும். கூடையில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், புறப்படுமுன் தரையிறங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்ப்பார்களா, காற்றின் காரணமாகப் பிரயாணம் ரத்தானால் பணம் திரும்பி வருமா அல்லது மறுநாளைக்கு மாற்றுவார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். ஊரிலிருந்து எடுத்து வந்த பிரயாண இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பலூன் சவாரியை விலக்கி எழுதியிருக்கும் பத்திரங்கள் அநேகம். பறப்பதற்கு அனுமதி கொடுப்பது விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் பொறுப்பு. அவர்கள் காற்று சரியில்லை என்று நிறுத்திவிட்டால் விமானியோடு வாதாட வேண்டாம். முதல் காலையிலேயே ஏறுங்கள் என்று நான் சொல்வதில் இந்தச் சௌகரியமும் அடங்கியிருக்கிறது. அன்று ரத்தானாலும் மறுநாள் இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் அங்கே விடியற்காலைக் குளிர், சென்னைவாசிகள் அறியாதது. ஒரு கம்பளிச் சட்டையும், தலைக்கு மேலே அடிக்கடி சீறும் பர்னரின் அனல் உச்சந்தலையில் இறங்காதிருக்க ஒரு துணித் தொப்பியும் அவசியம். கூடைக்குக் கதவு கிடையாது. பக்கவாட்டில் உள்ள துவாரங்களில் காலை ஊன்றி, மார்பளவு உயரத்தை ஏறிக் கடந்து உள்ளே குதிக்க வேண்டும். ஆதலால் பெண்மணிகள் அன்று ஒரு காலைக்குப் புடவையை விட்டுவிட்டு சல்வாரோ காற்சட்டையோ அணிவது நலம். செருப்புக்குப் பதிலாக மூடிய பாதரட்சை வேண்டும். ஏறியபின் உட்கார இடமில்லை. பிரயாணம் முழுவதும் நின்றபடியேதான். கர்ப்பிணிகளும், முழங்காலிலோ முதுகிலோ சமீபத்தில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களும், கூடையின் விளிம்புக்கு மேல் தலை எட்டாத சிறு குழந்தைகளும் கீழே இருந்து பார்த்து மகிழ்வதே சரி.

பலூன் கிளம்பியதே தெரியாது. காற்றோடு சேர்ந்து அதே வேகத்தில் போவதால் முகத்தில் காற்று அடிப்பதில்லை. உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள்கூட, மாடியின் ஓரத்தில் நிற்கும்போது வரும் கலக்கம் இங்கே வராததைக் கண்டு அதிசயிக்கிறார்கள். விமானியின் கையில் இருப்பது ஏறுவதும் இறங்குவதும் மட்டுந்தான். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் ஓடுவதால், தனக்கு வேண்டிய காற்று எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து அதில் மிதப்பதே அவருடைய வித்தை. ஆகையால் கர்னாக் ஆலயத்தின் நேர் மேலே கொண்டு போகிறோம் என்றோ, அரசர் பள்ளத்தாக்கின் மேல் பறக்கிறோம் என்றோ யாராவது வாக்குக் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம். சாதாரணமாக மேற்குக் கரையின் வயல்களுக்கும் கோயில்களுக்கும் மேலேதான் பிரயாணம் நடக்கும். கர்னாக்கும் லக்ஸர் ஆலயமும், அவற்றை இணைக்கும் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்பிங்ஸ் வீதியும் நதிக்கு அப்பால் தூரத்துக் காட்சியாகவே கிடைக்கும்.

முதலில் மெம்னான் சிலைகளைத் தேடுங்கள். வயல் நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் 18 மீட்டர் உயரமுள்ள அவ்விரண்டு உருவங்களும் உண்மையில் மூன்றாம் அமென்ஹோதெப் மன்னனுடையவை. அவன் கட்டிய ஈமக் கோயிலின் வாசலில் காவலாக இருந்தவை. ஏனைய மன்னர்கள் மணல் ஓரத்தில் கட்டியிருக்க, இவன் ஒருவன் மட்டும் வெள்ளம் வந்து தழுவும் வயல்வெளியிலேயே கட்டினான். கோயில் அழிந்து சிலைகள் மாத்திரம் மிஞ்சின. அஸ்வான் பேரணை 1970-ல் முடியும் வரையில் பெருவெள்ளக் காலங்களில் இச்சிலைகளின் பாதங்களைத் தண்ணீர் சூழ்ந்து நின்றது. மேலிருந்து பார்த்தால், சிலைகளுக்குப் பின்னால் மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் அந்த மறைந்த கோயிலின் அளவு பிரமிக்க வைக்கிறது. ரோமர் காலத்தில், பூகம்பத்தில் பிளந்த வடபுறச் சிலையிலிருந்து விடியற்காலையில் ஒரு நாதம் எழும்பியது என்பதற்காக, கி.பி. 130-ல் ஹேட்ரியன் சக்கரவர்த்தி உட்படத் தூர தேசத்தார் பலர் இதே இடத்தில் வந்து சூரியோதயத்துக்குக் காத்திருந்தார்கள். கேட்டவர்கள் சிலையின் கால்களிலேயே கிரேக்கத்திலும் லத்தீனிலும் பொறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சூரியன் கிழக்கு மலைகளுக்கு மேலே தலை காட்டியதும் முதல் கிரணம் விழுவது மேற்கு மலையின் முகத்தில். அம்மலையின் மடியில், கிழக்கு நோக்கி மூன்று அடுக்காக அமைந்திருக்கும் ஹாட்ஷெப்சுத் அரசியின் கோயில், நதிக்கு அப்பாலுள்ள கர்னாக்கை நேர்கோட்டில் பார்த்துக்கொண்டிருப்பதை அந்நேரத்தில் கவனியுங்கள். அதன் தென்புறத்தில் ஒட்டினாற்போல் கிடக்கும் சிதைவு, அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்திய மெந்துஹோதெப் மன்னனின் கோயில். அடுக்கடுக்காகக் கட்டும் யோசனை அவனுடையது என்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். தரையில் போகிறவர்கள் எல்லோரும் அரசியின் கோயிலுக்குள் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பலூன் போதிய உயரம் போனால் மலையின் உச்சி பிரமிடைப் போலக் கூர்ந்து நிற்பதும், அதன் மறுபுறத்தில் அரசர் பள்ளத்தாக்கின் மடிப்புகளும் தெரியும்.

ராமசேயம் என்று வழங்கும் இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் கோயிலைச் சுற்றி, பச்சைச் செங்கல்லால் கட்டிய வளைகூரைக் களஞ்சியங்கள் வரிசை வரிசையாக இருப்பதைப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் சில வளைவுகள் விழாமல் நிற்கின்றன. அங்கிருந்து மலைப்பக்கமாகக் கண்ணைத் திருப்பினால், குன்றுகளின் இடுக்கில் நீண்ட சதுரமாக ஒரு சிறு கிராமத்தின் சுவர்கள் தெரியும். தேர் எல்-மெதினா எனப்படும் அது, அரச சமாதிகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய கைவினைஞர்களின் குடியிருப்பு. ஒரே தெருவை நம்பிய ஏறக்குறைய 70 வீடுகள். மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில், கூலியாக வரவேண்டிய தானியம் வராமல் பசித்த அத்தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இந்தக் கோயில்களின் வளாகங்களில் உட்கார்ந்துகொண்டு, பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன என்று அதிகாரிகளிடம் முறையிட்டார்கள் என்பதை ஒரு பாபிரஸ் ஏடு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அறிஞர்கள் சொல்லும் அந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். களஞ்சியங்கள் ஒரு பக்கமும் அந்த ஒடுங்கிய தெரு மறுபக்கமுமாக, நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்தில், ஒரே பார்வையில் அகப்பட்டபோதுதான் அது மனத்தில் தைத்தது.

வடகாற்று வீசும் நாளானால் பலூன் மெதினெத் ஹாபுவைத் தாண்டித் தெற்கே போகும். முதல் சுற்றில் ஏறவேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. மூன்றாம் அமென்ஹோதெப் தன் மல்கட்டா அரண்மனைக்கு அருகில் இரண்டு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு துறைமுக ஏரியை வெட்டுவித்தான். பிர்க்கெத் ஹாபு என்னும் அந்த ஏரி தூர்ந்து வயலாகிவிட்டது. வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டிய மேடுகள் மட்டும் அதன் எல்லையைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. தரையில் நடப்பவருக்கு அவை வெறும் மண்மேடுகள். சாய்ந்த காலை வெயிலில் ஒவ்வொரு மேடும் நீண்ட நிழலை விழவைக்கும் அரைமணி நேரத்துக்கு, மறைந்துபோன அந்த ஏரியின் வடிவம் முழுவதும் பூமியில் எழுதினாற்போல் எழுந்து வருகிறது. வெயில் ஏறியதும் மறுபடியும் மங்கிவிடுகிறது. மெதினெத் ஹாபுவுக்கு அருகே, 2021-ல் வெளியுலகுக்கு அறிவித்த பழைய நகரப் பகுதியின் வளைந்து வளைந்து செல்லும் சுவர்களும் இந்த வெளிச்சத்தில்தான் துலங்கும்.

திரும்பி ஒருமுறை கிழக்கே பாருங்கள். நதிக்கு அப்பால் தெரியும் வறண்ட மலைகளின் மறுபக்கம் செங்கடல். நம் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய சரக்குகள் செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகங்களின் முதுகில் அந்தப் பாலைவனத்தைக் கடந்து, லக்ஸருக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் உள்ள கோப்தோஸ் நகரத்தில் படகேறி அலெக்ஸாந்திரியாவுக்குப் போயின. வியன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்த ஏடு ஒன்று இந்த வழியைக் கூறுகிறது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்னும் இடத்தில் அகப்பட்ட பானையோடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. தமிழ் வாசகர் இந்த மலைகளை அந்நிய நாட்டு மலைகளாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

தாழப் பறக்கும்போது கிராமத்து வீடுகளின் மொட்டைமாடிகள் மிக அருகில் வரும். அங்கே உறங்குகிறவர்களும், ரொட்டி சுடுகிறவர்களும், ஆடு கட்டுகிறவர்களும் இருப்பார்கள். குழந்தைகள் கையசைத்தால் கையசையுங்கள், காமிராவை மட்டும் அவர்கள் வீட்டுக்குள் திருப்ப வேண்டாம்.

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவார்கள். விமானி சொன்னதும், போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடித்துக் குந்தி, உட்புறக் கயிறுகளை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கைபேசியும் காமிராவும் அதற்கு முன்பே பைக்குள் போயிருக்க வேண்டும். சில நாட்களில் மெத்தென்று அமரும்; சில நாட்களில் இரண்டு மூன்று முறை தரையில் மோதித் துள்ளி, கூடை ஒருபுறமாகச் சாய்வதும் உண்டு. எது நேர்ந்தாலும், இறங்குங்கள் என்ற உத்தரவு வருமுன் ஒருவர்கூடக் கூடையை விட்டு இறங்கலாகாது. ஒருவர் இறங்கினால் அவருடைய எடை குறைந்து, மற்றவர்களோடு பலூன் மறுபடியும் எழும்பிவிடும். பயிர் நிற்கும் வயலில் இறங்க நேர்ந்தால் பணியாட்கள் காட்டும் வரப்பின் வழியே வெளியே வாருங்கள். வண்டியில் துரத்தி வந்து, அந்தப் பெரிய துணியை மடித்துக் கட்டும் ஆட்களுக்கு ஏதேனும் இனாம் கொடுப்பது அவ்வூர் வழக்கம். சிறு நோட்டுகளாக எகிப்தியப் பவுண்டு வைத்திருப்பது உதவும்.

அநேகமாக ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். விடுதிக்குத் திரும்பிப் படுத்துவிடாமல், மேலே பார்த்தவை மனத்தில் புதிதாக இருக்கும்போதே மெம்னான் சிலைகளுக்கு நடந்து போய்விட்டு, மெதினெத் ஹாபுவில் கூட்டம் சேருமுன் ஒன்றரை மணி நேரமும், பிறகு தேர் எல்-மெதினாவும் ராமசேயமும் பார்த்துவிடலாம். ஹாட்ஷெப்சுத் கோயில் மலையின் குழிவில் கிழக்கு நோக்கி இருப்பதால் பத்து மணிக்கெல்லாம் உலையாகிவிடும். அதையும் அரசர் பள்ளத்தாக்கையும் மறுநாள் விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டுக்கு ரொக்கப் பணத்தை வாங்காத இடங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. காலையில் விடுதியிலிருந்து கிளம்பும்போதே வங்கி அட்டையையும் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால், மறுபடியும் நதியைக் கடந்து போய்வரும் அலைச்சல் மிச்சம்.